பூஜ்ஜியம் வைத்தவன்

காலை பத்தேகாலுக்கு அந்தப் பச்சை விளக்கு எரியும். அதைப் பார்ப்பதற்காகவே நான்கு வருஷம் ஒரு நாள் லீவு போடாமல் கோர்ட்டுக்குப் போனேன். காய்ச்சல் என்றாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்விடுவேன். "பூதலிங்கம் அண்ணாச்சிக்கு வேலையில அப்படி ஒரு பக்தி" என்று மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். பக்தியாவது மண்ணாவது! எதற்குப் போனேன் என்று எனக்கல்லவா தெரியும்.

நான் அமர்வு நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன். நீதிபதிக்கு முன்னால் மேசை போட்டு உட்கார்ந்து, வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுத்து, சாட்சிகளுக்குச் சத்தியம் செய்துவைத்து, வாய்தா தேதி குறித்து, முப்பத்தொரு வருஷம் ஓட்டினேன். பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை நான் படித்த அளவுக்கு எங்கள் ஊர் டாக்டர்களே படித்திருக்க மாட்டார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் இது வேண்டியிருக்கும்.

கொலையாகாத மரணம் என்று சட்டத்தில் ஒன்று உண்டு. அதிலும் இரண்டு வகை. ஆளைச் சாகடிக்கும் எண்ணத்தோடு செய்தது ஒரு வகை. சாகடிக்கும் எண்ணம் கிடையாது, ஆனால் இப்படிச் செய்தால் ஆள் செத்துப்போகக்கூடும் என்று தெரிந்தே செய்தது இன்னொரு வகை. இந்த இரண்டாவதற்குப் பத்து வருஷம் வரை கொடுக்கலாம். அந்த 'வரை' இருக்கிறதே, அதுதான் வம்பு. ஒருத்தன் தள்ளிவிட்டு இன்னொருத்தன் தலையில் அடிபட்டுச் செத்த கேஸில் ஒரு நீதிபதி மூன்று வருஷம் போடுவார். அச்சு அசலாக அதே மாதிரிக் கேஸில் அடுத்த கோர்ட்டில் ஒன்பது வருஷம் விழும். தீர்ப்புச் சொன்ன பிறகு, "தண்டனை குறித்து என்ன சொல்ல விரும்புகிறீர்?" என்று நீதிபதி கேட்க வேண்டும் என்பது பழைய வழக்கம். கூண்டில் நிற்பவனும் வழக்கமாக, "வயசான அம்மா இருக்கா, சின்னப் பிள்ளைக இருக்கு, கொறச்சுக் குடுங்க" என்பான். நன்றாக அழத் தெரிந்தவனுக்குக் குறையும், அழத் தெரியாதவனுக்கு ஏறும்.

இதை ஒழுங்குபடுத்தத்தான் அந்த மிஷின் வந்தது. காகிதத்தில் அதன் பெயர் மனவருத்த அளவி. நாங்கள் பட்டை என்போம். நெற்றியில் ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப். அந்தப் பழைய கேள்வியைக் கேட்கும்போது உள்ளே எவ்வளவு உறுத்துகிறது என்று பூஜ்ஜியத்திலிருந்து நூறு வரை காட்டும். எழுபத்தைந்துக்கு மேலே போனால் நான்கு வருஷத்துக்குள். இருபத்தைந்துக்குக் கீழே என்றால் எட்டிலிருந்து பத்து. நீதிபதி விரும்பினால் மாற்றலாம், ஆனால் காரணம் எழுத வேண்டும். யாரும் எழுதவில்லை.

தினமும் காலையில் பட்டைக்குப் பூஜ்ஜியம் வைக்க வேண்டும். கோர்ட் ஊழியர் ஒருவர் அதைக் கட்டிக்கொண்டு மூன்று நிமிஷம் உட்கார வேண்டும். மிஷினே அந்தக் கேள்வியைக் கேட்கும். பிறகு சிவப்பு அணைந்து பச்சை எரியும், 'பூஜ்ஜியம் சரி' என்று எழுத்து வரும். முறை வைத்து மாறி மாறிச் செய்யுங்கள் என்றுதான் உத்தரவு. எங்கள் ஆட்கள் கேட்பார்களா?

"கொலைகாரன் நெத்தியில கெடந்தத என் நெத்தியில கட்டச் சொல்லுதியளா? நான் மாலை போட்டிருக்கேன் அண்ணாச்சி" என்றான் டவாலி மாசானம். வருஷம் பூராவும் அவனுக்கு ஏதாவது ஒரு சாமிக்கு மாலைதான். டைப்பிஸ்ட் எஸ்தர், "முடியெல்லாம் சிக்குது சார்" என்று முகத்தைச் சுளித்தாள். "சரி விடுங்க, நானே வச்சுட்டுப் போறேன்" என்று முதல் வாரம் சொன்னவன்தான். அதற்குப் பிறகு வேறு யாருக்கும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மிஷின் வருவதற்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் கோமுவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். நல்ல குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா ஹாலில் உட்கார்ந்து கேசரியை வாயில் வைக்கப் போகிறார், அந்த நேரம் பார்த்து என் அண்ணன் பிரமநாயகம் வந்து நின்றான். முழுப் போதை. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. "எங்கண்ணன் மவள... எந்தம்பி மவளப் பாக்க வந்துருக்காவ, என்னையக் கூப்பிடலயால?" என்று வாசலில் சத்தம். எனக்கு மானம் போயிற்று. வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். படியிலிருந்து மல்லாக்க விழுந்து துவைக்கிற கல்லில் மண்டை இடித்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

எழுந்துவிட்டான். என்னைப் பார்த்துச் சிரித்தான். "போறேம்ல, போறேன். பிள்ளைக்கு நல்லாக் கெட்டி வையி" என்றான். அவனுடைய வலது காதிலிருந்து மெல்லிசாக ரத்தம் வந்தது. தலையில் அடிபட்ட ஆளுக்குக் காதில் ரத்தம் வந்தால் மண்டை ஓடு உள்ளே விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். நூறு அறிக்கையிலாவது அதை நான் படித்திருக்கிறேன். சட்டம் சொல்லுகிற 'தெரிந்தே' என்பது இதைவிட எப்படி இருக்கும்? உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். நான் உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டேன். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் கேசரி வைத்தேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் செத்துக் கிடந்தான். "குடிச்சே செத்தான்" என்று ஊர் சொன்னது. மதினி சண்பகம் அவன் தலையைத் துடைத்துவிட்டு, "எங்கயோ விழுந்துருக்காவ" என்று அழுதாள். நான்தான் கொள்ளி வைத்தேன்.

அதனால்தான் அந்தப் பச்சை விளக்கு. தினமும் பட்டை அந்தக் கேள்வியைக் கேட்கும், எனக்கு அண்ணன் முகமும் அந்தக் காது ரத்தமும் வரும். மூன்று நிமிஷம் கழித்துப் பூஜ்ஜியம் சரி என்று வரும். இத்தனை பெரிய மிஷினே பூஜ்ஜியம் என்கிறதே, அப்படியானால் என்மேல் அவ்வளவு ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று மூச்சு விடுவேன். அன்றைய பொழுது ஓடிவிடும்.

இப்படி நான் பூஜ்ஜியம் வைத்த நாட்களில் முப்பத்தேழு பேர் அந்தப் பட்டையைக் கட்டித் தண்டனை வாங்கினார்கள். எண்கள் எல்லாம் தரைமட்டம். பத்து, ஏழு, பதினொன்று. பேச்சித்தாய் என்று ஒரு பெண், அடித்த புருஷனை உலக்கையால் திருப்பி அடித்து அவன் செத்துப்போனான். அவளுக்கு நான்கு காட்டியது. நீதிபதி திலகவதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உனக்கு வருத்தமே இல்லையாம்மா?" என்று கேட்டார். அவள், "உள்ள இருக்கும்மா. எப்படிக் காட்டணும்னு தெரியல" என்றாள். ஒன்பது வருஷம். கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த வழக்குக் கட்டை எடுத்தேன்.

தளவாய் கேஸில்தான் மாட்டிக்கொண்டேன். அவன் வாழைத்தார் ஏற்றுகிற தொழிலாளி. லாரியின் மேலே நின்று கூட்டாளியோடு வாய்த்தகராறு, தள்ளிவிட்டான், கீழே விழுந்தவன் கழுத்து முறிந்து செத்தான். வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி கடைசி வரை, "அவனாத்தான் வழுக்கி விழுந்தான்" என்றே சாதித்தான். தீர்ப்பு வந்ததும் கூண்டுக் கம்பியில் மண்டையை முட்டி முட்டி அழுதான். மாசானம் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியதாயிற்று. அப்படி அழுகிறவனுக்குப் பட்டை ஆறு காட்டியது.

திலகவதி அம்மா அந்த ஆறையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்டனைக்கு வியாழக்கிழமை வாய்தா போடுங்க பூதலிங்கம். மிஷின்காரங்கள வரச் சொல்லுங்க" என்றார்.

புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், ஜன்னத் என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயசு இருக்கும். பட்டையைப் பிரித்துப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தாள்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. பூஜ்ஜியம் யாரு வைக்கா?"

"நான்தான். தினம் நான்தான். ஒரு நாள் கூடத் தப்புனது கிடையாது."

"தினமுமா? மாத்தி மாத்தில்லா வைக்கணும்! ஏன்னு பயிற்சியில சொன்னாங்களே."

"அன்னிக்கு எனக்கு வாரண்டு வேலை இருந்துச்சு. ஏம்மா, பச்சை எரியுதுல்லா? பூஜ்ஜியம்னு தானே வருது?"

அவள் சிரித்தாள். "அது உங்கள அளந்து சொல்லுத பூஜ்ஜியம் இல்ல. உங்க மனசுல என்ன கெடந்தாலும் அதைப் பூஜ்ஜியம்னு வச்சுக்கிடும். தராசுத் தட்டுல முதல்லயே ஒரு கல்லு கெடந்தா எப்படி? அது மாதிரி. அதுக்கு மேல இருக்கதத்தான் மத்தவங்களுக்குக் காட்டும். சாதாரண ஆளு வச்சா ஒண்ணும் பெருசா வித்தியாசம் வராது. இருங்க, ஒரு தடவை பாத்துருவோம்."

தானே பட்டையைக் கட்டிப் பூஜ்ஜியம் வைத்தாள். பிறகு என் நெற்றியில் கட்டினாள். கேள்வி வந்தது. அண்ணன் சிரித்தான். எண் எழுபத்தெட்டில் போய் நின்றது.

ஜன்னத்தின் சிரிப்பு போய்விட்டது. எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு இரண்டையும் பார்க்காமல் வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். நாற்காலியோடு பூமிக்குள் போய்விட மாட்டோமா என்று எனக்கு இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, நான்கு வருஷம் என் அழுக்கைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்தவன் கனத்தை நிறுத்திருக்கிறேன்.

"வீட்டுல எதும் கஷ்டமா அண்ணாச்சி?" என்றாள் மெதுவாக.

"வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்ல" என்றேன். என் மனைவி அன்று காலையில்தான் எனக்கு இட்லி கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

அவள் நம்பவில்லை. ஆனால் இரக்கப்பட்டாள். "நான் பட்டையில கோளாறுன்னு எழுதிட்டு, வேற மாத்திட்டுப் போறேன். நாளைக்கு இந்தக் கேஸு சரியாயிரும். இனிமே மட்டும் ஆள மாத்துங்க."

"பழைய கேஸெல்லாம்?"

"எப்பருந்து கோளாறுன்னு தெரியாட்டா பழசத் தொடமாட்டாங்க. பூஜ்ஜியமே தப்புன்னு போனாத்தான் எல்லாத்தையும் திறப்பாங்க. அதுக்கு வச்சவரு எழுதிக் குடுக்கணும். எந்தத் தேதியிலருந்து, என்ன காரணம்னு." பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். "என்ன எழுதட்டும்?"

அந்தப் பெண் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மறுபடியும் நான் கதவைத் தாழ் போட்டேன்.

"கோளாறுன்னே எழுதிருங்கம்மா."

மறுநாள் எஸ்தர் பூஜ்ஜியம் வைத்தாள். தளவாய்க்கு எண்பத்தொன்று வந்தது. மூன்றரை வருஷம் போட்டார்கள், அதில் ஒன்றரை வருஷம் ஏற்கெனவே உள்ளே இருந்தாயிற்று. கோர்ட்டே பெருமூச்சு விட்டது. வெளி வராந்தாவில் அவன் மனைவி முப்பிடாதி ஓடிவந்து, நான் தடுப்பதற்குள் என் காலைத் தொட்டாள்.

"நீங்கதான் மிஷினு சரியில்லன்னு கண்டுபிடிச்சியளாம். மாசானம் அண்ணன் சொன்னாவ. நீங்க நல்லா இருப்பிய அய்யா, ஒங்க பிள்ளையள் நல்லா இருக்கும்."

"எந்திரிம்மா, எந்திரி."

எழுந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எங்க தெருவுல பேச்சித்தாய்னு ஒருத்தி அய்யா. அவளுக்கும் இப்படித்தான் கொறச்சலா வந்துச்சு. நாலு வயசுப் பிள்ளைய விட்டுட்டுப் போனா, இப்ப அதுக்கு ஏழு வயசு. அவளுக்கும் பார்ப்பாவளா?"

"அது வேற கேஸும்மா" என்றேன்.

சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் தொட்ட காலைப் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அண்ணனைத் தள்ளியது ஆத்திரம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதை என்னவென்று சொல்லிக்கொள்வது? நாலு வயசுப் பிள்ளை ஏழு வயசாகிவிட்டது, நான் வேற கேஸ் என்கிறேன்.

பதிவேட்டை எடுத்து முப்பத்தேழு பெயரையும் என் கையாலேயே எழுதினேன். மூன்று நாள் ஆயிற்று. எழுதும்போது ஒவ்வொரு முகமும் வந்தது. பிறகு கோமுவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"எங்க மாமனாரு வீட்டுல என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சியளாப்பா?"

"யோசிச்சு யோசிச்சுத்தான்மா இத்தனை வருஷம் போச்சு."

"அன்னிக்கு அவங்க போதும் போதும்னாலும் கேசரி வச்சுக்கிட்டே இருந்திய" என்றாள். "எனக்காகச் சந்தோஷப்படுதியன்னு நினைச்சேன்." போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. மதினியிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

திலகவதி அம்மாவின் அறையில் அந்தக் காகிதங்களை வைத்துவிட்டு நின்றேன். முழுவதும் படித்தார். "உட்காருங்க பூதலிங்கம்" என்றார். ஆறு வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

"இதைப் படிச்சதுக்கு அப்புறம் உங்க கேஸை நான் விசாரிக்க முடியாது. நான் சாட்சி." பேனாவை மூடினார். "முப்பத்தேழு பேருக்கும் கையெழுத்துப் போட்டது நான்தான். ஒரு தடவையாவது எண்ணை நம்பாம ஆளைப் பார்த்து எழுதியிருக்கலாம். எழுதல." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாக் கேஸையும் திறந்தார்கள். முப்பத்தாறு பேருக்கு மறுபடியும் பட்டை கட்டினார்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தண்டனை குறைந்தது. பேச்சித்தாய் எண்பது காட்டி, உள்ளே இருந்த மூன்று வருஷமே போதும் என்று வீட்டுக்குப் போனாள். முப்பத்தேழாவது ஆள் சுடலையாண்டி. எண் சரியாக வந்திருந்தால் இரண்டு வருஷத்திலேயே வெளியே வந்திருப்பார். ஜெயில் ஆஸ்பத்திரியில் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு எந்தச் சட்டத்திலும் எனக்குத் தண்டனை கிடையாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

என் கேஸ் வேறு கோர்ட்டில், வேறொரு பெண் நீதிபதி முன்னால் நடந்தது. மாஜிஸ்ட்ரேட்டிடம், போலீஸிடம், மதினியிடம், பத்திரிகைக்காரர்களிடம் கூட, கேட்டவர்களிடமெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். குற்றத்தை ஒப்புக்கொண்டேன். தீர்ப்பு அன்று கூண்டில் ஏறி நின்றபோது, அந்தக் கோர்ட்டின் பெஞ்ச் கிளார்க் வந்து பட்டையைக் கட்டினாள். நடுவயதுப் பெண். கை சுத்தம், பழகிய கை. நீதிபதி கேட்டார்.

"தண்டனை குறித்து என்ன சொல்ல விரும்புகிறீர்?"

எண் மெல்ல ஏறி ஒன்பதில் நின்றது.

மிஷின் கோளாறோ என்று திரும்பிப் பார்த்தேன். முறைப்படி அன்று வேறு ஆள்தான் பூஜ்ஜியம் வைத்திருந்தார், எல்லாம் சரியாக இருந்தது. என் வக்கீல் கூண்டுப் பக்கம் வந்து தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கிசுகிசுத்தார்.

"நான் அப்பமே சொன்னேன், கேட்டியளா? உள்ள வச்சுப் புழுங்குதவனுக்குத்தான் இந்தச் சனியன் ஏறும். ஊருக்கெல்லாம் சொல்லி எறக்கி வச்சுட்டு வந்து நின்னா என்னத்தக் காட்டும்? தளவாய் கடைசி வரைக்கும் பொய் சொன்னான், எண்பத்தொண்ணு வாங்குனான்."

உண்மைதான். கொஞ்ச நாளாக நான் நன்றாகத் தூங்குகிறேன். அண்ணன் முகம் வந்தாலும் தூக்கம் கலைவதில்லை. செத்தவன் செத்தவன்தான், சுடலையாண்டி செத்தவர்தான், நான் மட்டும் லேசாகிவிட்டேன். அதை நினைத்தால் கூசியது. அந்தக் கூச்சத்துக்கும் சேர்த்துத்தான் அந்த ஒன்பதோ என்னவோ.

நீதிபதி எண்ணைப் பார்த்தார். பின்வரிசையில் முப்பிடாதியும் அவள் பக்கத்தில் பேச்சித்தாயும் உட்கார்ந்திருந்தார்கள். மதினி வரவில்லை, கோமு வரவில்லை.

"முப்பது வருஷம் கோர்ட்டுல வேலை பார்த்தவர் நீங்க" என்றார் நீதிபதி. "சொந்த அண்ணன். உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

வாயைத் திறந்தேன். சட்டம் தெரியும், மிஷின் தெரியும், வக்கீல் சொன்ன காரணமும் தெரியும். விளக்கமாகச் சொல்ல ஆயிரம் இருந்தது.

"உள்ள இருக்கும்மா" என்றேன். "எப்படிக் காட்டணும்னு தெரியல."

பின்வரிசையில் பேச்சித்தாய் சட்டென்று தலையை நிமிர்த்தினாள். கீழே, மேசையில், அந்தப் பெஞ்ச் கிளார்க் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கட்டை எடுத்தாள்.